பிடி அரிசியும் இளவட்டக்கல்லும்

(விருதுநகரில் ஒரு நூலகத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எடைப் பயிற்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விருதுநகருக்கு வந்து எடை தூக்கக் கற்றுக்கொடுப்பது திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிற கதை. மிளகாய் மூடை, பருப்பு மூடை, எண்ணெய் டின் என்று இந்த ஊர் யாரோ சிலருடைய முதுகில் ஏறித்தான் வளர்ந்தது. பக்கத்தில் சிவகாசிக்குப் போனால் காகிதக் கட்டும் பட்டாசுப் பெட்டியும் தூக்காத தோளைப் பார்ப்பது அரிது. ஆனால் வலித் தைலம் வாங்காத வீடு எது என்று கேட்டால் இந்தக் கூடத்தில் எத்தனை கை உயரும்? இவ்வளவு எடை தூக்குகிற ஊரில் இவ்வளவு முதுகுவலி ஏன்? அந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் பாஷையில் பி.டி. சார். கணக்கிலோ அறிவியலிலோ பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது எங்கள் பீரியட்தான். ஆகவே கிடைத்த நேரத்துக்குள் முடித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு, பயப்படாதீர்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது 19 வயது. ஒரு பழைய குடோனில் ஜிம் நடந்தது. ஒரு பார், கொஞ்சம் தகடுகள், மர பெஞ்சு, சுவரில் அனுமார் படம், ஆளுயரக் கண்ணாடி. மாஸ்டர் சாயங்காலம்தான் வருவார். நான் காலையில் போனேன். கூடவே இரண்டு சேக்காளிகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வினையே அதுதான். பெஞ்சில் படுத்தேன், மொத்தம் 60 கிலோ வருகிற மாதிரி தகடு மாட்டச் சொன்னேன், நெஞ்சுக்கு இறக்கினேன். இறங்கியது; ஏறவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அதோடு விட்டேனா? பட்ட அவமானத்தைத் தீர்க்க ஒன்றரை மணி நேரம் கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்தேன், தள்ளினேன்.

மறுநாள் காலையில் சீப்பு தலைக்கு எட்டவில்லை. அம்மாதான் முகவாயைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சீவுகிற மாதிரி சீவிவிட்டாள். "இதுக்குத்தான் காசு கட்டிப் போனியாக்கும்" என்று ஒரு வார்த்தை. ஆறு மாதம் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

தப்பு ஜிம்மிலோ மாஸ்டரிடமோ இல்லை. என் மண்டைக்குள் ஒரு கல் கிடந்தது. அந்தக் கல்லை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தென் மாவட்டத்துக் கிராமங்களில் கோயில் முன்னாலோ மந்தையிலோ பாதி மண்ணுக்குள் புதைந்து, ஆடு படுத்திருக்கிற மாதிரி கிடக்கும். இளவட்டக்கல். சில ஊர்களில் இளந்தாரிக்கல் என்பார்கள். உருண்டையாக, வழவழவென்று, பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லாமல் செதுக்கியிருப்பார்கள். அதைத் தூக்கியவனுக்குத்தான் பெண் என்று கதை. எங்கள் ஊர்க் கல் பூவரச மரத்தடியில் கிடந்தது. சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து பம்பரத்துக்குக் கயிறு சுற்றியிருக்கிறேன். மீசை அரும்பியதும் அதே கல்லைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

ஒருமுறை பொங்கலுக்கு அதை ஒருவர் தூக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கம்மாய்க்கரைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர், ஒல்லியான ஆள். கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லை வயிற்றோடு அணைத்தார். அது முதலில் அசையவே இல்லை. இரண்டு கையும் அடியில் போனதும் மெதுவாக உருட்டித் தொடைமேல் ஏற்றிக்கொண்டார். அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தினார், பிள்ளையை மடியில் வைத்திருப்பதுபோல. மூச்சை இழுத்துப் பிடித்து எழுந்தபோது கல் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் விட்டார். தொம்மென்று விழுந்த இடத்தில் குழி. எல்லோரும் விசிலடித்தோம். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விட்டார்.

இதில் நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. அது பரீட்சை. வருஷத்துக்கு ஒருநாள் நடக்கிற பரீட்சை. அவர் படித்த பள்ளிக்கூடம் மிச்ச 364 நாளும் தோட்டத்தில் நடந்தது: வரப்பு வெட்டியது, சாணி சுமந்தது, தண்ணீர் இறைத்தது, கன்றுக்குட்டியை மல்லுக்கட்டிப் பிடித்தது. நாம் பரீட்சையைத் திருவிழாவாகக் கொண்டாடினோம். பள்ளிக்கூடத்துக்குப் பெயரே வைக்கவில்லை. அதனால் என்னைப் போன்ற ஒரு பொடியன், நேராகப் பரீட்சை மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்து பெயிலாகிவிட்டு, எனக்குப் படிப்பு வராது என்று முடிவுகட்டிக்கொண்டான். இன்றைக்கும் ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்து பிப்ரவரியில் நின்றுவிடுகிற தம்பிகளில் பாதிப் பேர் கதை இதுதான்.

நெல்லை மாவட்டம் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்கிறது. பெண்களும் கலந்துகொள்கிறார்கள். அங்கே ஒரே கல் கிடையாது. 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை படிப்படியாகக் கற்கள் உண்டு. அந்தப் படி வரிசையில்தான் பள்ளிக்கூடத்தின் சாயல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கல் தூக்குவது நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் பாஸ்க் மக்கள் தூக்குகிறார்கள். ஐஸ்லாந்தில் ஹூசாஃபெல் என்ற இடத்தில் ஆட்டுப்பட்டி ஓரத்தில் 186 கிலோக் கல் ஒன்று கிடக்கிறது. மந்தையும் ஆடும் அங்கேயும் உண்டு, பாருங்கள்.

எடையை ஒழுங்காக ஏற்றுகிற முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் ஒரு ராணுவ டாக்டர். பெயர் தாமஸ் டிலோர்ம், அமெரிக்கர். இளம் வயதில் வாதக் காய்ச்சல் வந்து படுத்தவர், எடை தூக்கித்தான் உடம்பைத் தேற்றிக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் சிதைந்த சிப்பாய்கள் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அடிபட்ட காலுக்குப் பாரம் கொடுக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து வைத்தியம். இவர் காலில் இரும்புச் செருப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் எடை மாட்டி நீட்டச் சொன்னார். பத்துத் தடவை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று முதலில் கண்டுபிடிப்பது, அதை வைத்து வேலை செய்வது, வாரம் ஒருமுறை மறுபடி சோதித்துக் கூட்டுவது. கால்கள் தேறின. 1945இல் அதை எழுதி வெளியிட்டார். சில வருஷத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பத்தாக மூன்று செட் போதும் என்று சுருக்கினார். இன்று நம்மூர் ஜிம்மில் மாஸ்டர் "மூணு செட்டு, பத்து பத்து" என்கிறாரே, அந்த வாய்ப்பாட்டின் ஊற்று அந்தச் சிப்பாய்களின் வார்டு.

இப்போது கேள்விக்கு வருகிறேன். மார்க்கெட்டில் மூடை தூக்குகிற அண்ணாச்சி எடைப் பயிற்சிதானே செய்கிறார்? அவருக்கு ஏன் முதுகு போகிறது?

அவர் எடையை அவர் தேர்ந்தெடுப்பதில்லை, மூடைதான் தேர்ந்தெடுக்கிறது. ஒரு காலத்தில் குவிண்டால் மூடை. இப்போது பெரும்பாலும் 50 கிலோ. சேர்ந்த முதல் நாளும் 50, முப்பது வருஷம் கழித்து இடுப்பு தேய்ந்த பிறகும் 50. லாரி காத்திருந்தால் நிறுத்த முடியாது. காய்ச்சல் என்றாலும் கூலிக்காக வர வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே, வயது வந்த ஓர் ஆண் தனியாகச் சுமக்கிற அதிகபட்சச் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது ஒரு மூடைக்கான கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை மூடை என்பதை உடம்பு தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

பயிற்சியில் எடை நம் சொல்பேச்சு கேட்கும். இன்று முடியவில்லையா, இறக்கு. வலிக்கிறதா, நிறுத்து. முக்கியமாக, நாளைக்கு வராதே, ஓய்வெடு. தசை பலப்படுவது தூக்குகிற நேரத்தில் இல்லை. தூக்கிவிட்டுத் தூங்குகிற நேரத்தில். சுமைத் தொழிலாளிக்குக் கிடைக்காததும் அந்த ஓய்வுதான். ஜிம்முக்குப் போகிற வசதி உள்ளவர்கள் கையில் கிடைத்த அந்த வாய்ப்பை வீம்புக்காக வீணாக்குவதைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

சரி, எப்படித் தொடங்குவது? இந்த ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்ல ஐஸ்லாந்து தேவையில்லை. நம்மூர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. காமராஜர் படித்த பள்ளி. அது எப்படி நடந்தது? வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தால் அன்றைய சோற்றில் குறை தெரியாது. பிடி பிடியாகச் சேர்ந்துதான் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம்பளம் இல்லாமல் படிப்பு வந்தது. மூடை மூடையாக யாராவது கொண்டுவந்து இறக்கட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் அடிக்கல் மட்டும்தான் இருந்திருக்கும். எடைப் பயிற்சியும் பிடி அரிசிக் கணக்குதான். அன்றைய உடம்புக்குக் குறை தெரியாத அளவு எடுக்க வேண்டும். விடாமல் எடுக்க வேண்டும்.

வீட்டில் குடம் இருக்கிறதா? அதுதான் உங்கள் முதல் டம்பெல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆறு லிட்டர் ஊற்றினால் ஆறு கிலோ. அடுத்த வாரம் ஒரு சொம்பு கூட ஊற்றினால் ஏழு. இவ்வளவு நுணுக்கமாக எடை கூட்டுகிற வசதி பல ஜிம்களில்கூட இல்லை. குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாற்காலி முன்னால் நின்று, மெதுவாக உட்கார்ந்து எழுந்திருங்கள். மேலைநாட்டில் ஸ்குவாட் சொல்லிக்கொடுக்க மாஸ்டர்கள் படாத பாடு படுகிறார்கள். அவர்களில் பலருக்குக் குதிகால் தரையில் பதியக் குத்தவைத்து உட்காரவே வராது. நமக்கு அது பிறவிச் சொத்து. மேற்கத்தியக் கழிப்பறை வந்த பிறகு அந்தச் சொத்தும் கரைந்துகொண்டிருக்கிறது என்பது வேறு கதை.

அடுத்தது தரையிலிருந்து தூக்குவது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதுகு போகிற இடம் இதுதான். வீட்டில் கேஸ் சிலிண்டர் வந்து இறங்குகிறது. உள்ளே 14.2 கிலோ வாயு, சிலிண்டரோடு சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. நாம் என்ன செய்கிறோம்? ஒரு முழம் தள்ளி நின்று, காலை மடக்காமல், முதுகை வில்லாக வளைத்து, ஒரு கையால் பிடித்து, திரும்பிக்கொண்டே இழுக்கிறோம். பழைய வெள்ளிக்கோலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிடியிலிருந்து தள்ளிப்போகப் போக அதே எடை அதிகமாக இழுக்கும். முதுகெலும்புக்கும் அதே சட்டம்தான். இளவட்டக்கல் தூக்கியவர் கல்லை ஏன் வயிற்றோடு அணைத்தார்? பிரியத்தினாலா? தள்ளிப் பிடித்திருந்தால் அதே கல் அவரைக் குப்புறத் தள்ளியிருக்கும்.

எனவே சுமைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கால் இரண்டும் தோள் அகலம். கதவைப் பின்னால் புட்டத்தால் தள்ளிச் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். முதுகு நேராகத் தானாகவே சாயும். இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றை இறுக்கி, தரையைக் காலால் அமுக்குவதாக நினைத்து எழுந்திருங்கள். எழுந்த பிறகு பாதத்தோடு சேர்ந்து திரும்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்காதீர்கள். முதலில் வெறும் கையோடு இருபது தடவை. பிறகு காலிக் குடம். சிலிண்டர் பரீட்சைக்கு வரட்டும், அவசரமில்லை.

மற்றவை சுருக்கம்தான். தள்ளுவதற்குத் தண்டால், தரையில் முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றியோ திண்ணையில் ஊன்றியோ செய்யலாம். இழுப்பதற்கு, குனிந்த நிலையில் குடத்தை வயிற்றுக்கு இழுப்பது. சுமப்பதற்கு இரண்டு கையிலும் சம அளவு தண்ணீர் வாளி பிடித்து மாடியில் முப்பதடி நடந்து திரும்புவது. பம்ப் தண்ணீர் வராத தெருவில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசிப் பயிற்சியை நகராட்சியே ஏற்பாடு செய்து வைத்திருக்கும்.

ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. முதல் இரண்டு வாரம் ஒரே செட். இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்று தோன்றும்போதே வைத்துவிடுங்கள். பசி இருக்கும்போதே இலையை விட்டு எழுவதுபோல. பன்னிரண்டு சுலபமாக வந்தால் அடுத்த முறை ஒரு கிலோ, ஜிம்மில் என்றால் பார் முழுக்கச் சேர்த்து இரண்டரை கிலோ. வாரம் மூன்று நாள் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதே வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள் என்றுதான். ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கு ஒன்று: முழு அளவு ஒலிம்பிக் பார் தகடே இல்லாமல் 20 கிலோ, பெண்களுக்கான பார் 15 கிலோ. வெறும் பாரோடு தொடங்குவதில் ஒரு வெட்கமும் வேண்டாம். சேக்காளியை வெளியே நிறுத்திவிட்டுப் போங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். வியாபாரிகள் ஊர், நாள்வழி எழுதத் தெரியாதவர் இங்கே யார்? தேதி, என்ன பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை தடவை. அவ்வளவுதான். நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்பவர் கடன் கொடுத்துவிட்டு எழுதாமல் விட்டவர் மாதிரி. மூன்றாம் மாதம் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறபோது வரும் சிரிப்புக்காகவே எழுத வேண்டும்.

முதல் ஒன்றரை, இரண்டு மாதம் கண்ணாடியைப் பார்க்காதீர்கள். தூக்குகிற எடை ஏறும், கை பருக்காது. ஏமாற்றமாக இருக்கும். நடப்பது என்னவென்றால், ஆரம்பத்தில் பலப்படுவது பெரும்பாலும் நரம்பு. ஏற்கெனவே இருக்கிற தசை இழைகளை ஒன்றாகக் கூப்பிட்டு வேலை வாங்க மூளை கற்றுக்கொள்கிறது. ஆள் சேர்க்கவில்லை, இருக்கிற ஆட்களை ஒரே நேரத்தில் வடம் பிடிக்க வைத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் இழுத்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒன்று. 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் மருத்துவமனை ஒன்றில் இருந்த பத்துப் பேரைக் காலுக்கு எடைப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். சராசரி வயது 90. நடக்கத் தடுமாறுகிறவர்கள். எட்டு வாரம். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மிச்ச ஒன்பது பேருக்கும் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமன் கூடியதோ 9 சதவீதம்தான். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இனிமே எனக்கு எதுக்குத் தம்பி" என்று பின்வரிசையில் சிரிக்கிற தாத்தாவுக்காகத்தான் இதைக் கொண்டுவந்தேன்.

அம்மாமார்களுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆபீஸிலும் பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையிலும் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவர்கள், சரம் பின்னுகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள். விரல் ஓடும், இடுப்பும் தொடையும் தூங்கும். சாயங்காலம் எழும்போது பக்கத்துச் சுவரைப் பிடிக்கிறீர்களே, அது வயசு என்று நினைக்காதீர்கள். வேலையே இல்லாமல் போன தசை அது. எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயம் உங்களுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். ஆணுக்குத் தசையைப் பருக்க வைக்கிற சுரப்பு உங்கள் உடம்பில் மிகக் குறைவு. மீராபாய் சானு 49 கிலோ எடைப் பிரிவில் நின்று டோக்கியோவில் வெள்ளி வாங்கினார். ஒரே தூக்கில் 115 கிலோ தலைக்கு மேல். மணிப்பூரில் விறகுக் கட்டு சுமந்த பிள்ளை. பார்க்க எப்படி இருக்கிறார்? நம் தெருவில் பூக்கட்டுகிற பெண் மாதிரிதான் இருக்கிறார்.

ஒரு வேடிக்கை. பட்டாசு ஆலையில் வெடிமருந்து கையாளுகிற அறைக்குள் இரும்பைக் கொண்டுபோகக் கூடாது. உரசினால் பொறி வரும் என்பதால் மரம், பித்தளை என்றுதான் கருவிகள். பகலெல்லாம் இரும்பைக் கண்டால் ஒதுங்குகிற ஊரில் சாயங்காலம் தம்பிகள் இரும்புத் தகட்டைத் தேடிப் போகிறார்கள். அந்த மருந்து அறையில் கற்ற ஒரு பழக்கத்தை மட்டும் ஜிம்முக்கும் கொண்டுபோங்கள்: எதையும் தொப்பென்று போடாமல், பார்த்து மெதுவாக வைக்கிற பழக்கம். எடையை இறக்குவதும் பயிற்சியில் பாதி.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. நம் வெயிலுக்குக் காலை ஆறு மணிக்குள் தொடங்கிவிடுவது நல்லது. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வேலை நெரிக்கும்போது புதிதாகத் தொடங்காதீர்கள். தூக்கமும் இல்லாமல் பயிற்சியும் சேர்ந்தால் உடம்பு கோபித்துக்கொள்ளும். தீபாவளி முடிந்து பயர் ஆபீஸ் அடைத்திருக்கும் வாரங்கள் இருக்கிறதே, அதுதான் நம் வட்டாரத்துக்கு வருஷப் பிறப்பு.

சாப்பாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்குப்படி, உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். எடை தூக்குகிறவருக்கு இன்னும் கொஞ்சம் கூட, கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசைக்குப் பெரிதாகப் பலனில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் நிலக்கடலையில் 25. கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கோழி, மீன், தயிர் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. டப்பா மாவு இல்லாமலே பெரும்பாலோருக்குக் கணக்கு சரியாகிவிடும். நம் பெருமைக்குரிய எண்ணெய்ப் புரோட்டாவை நான் குறை சொல்லமாட்டேன், வெளியே போக வேண்டும். ஆனால் சால்னாவில் மிதக்கிற இரண்டு துண்டைத் தவிர அதில் தசைக்கு அதிகம் இல்லை. சாத்தூர்ச் சேவும் அப்படித்தான், வாய்க்கு நல்லது.

பயப்பட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கினால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிக்கும், அது போய்விடும். ஆனால் கடுமையாகச் செய்த பிறகு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற ஆபத்து அது. முதல் நாளே வீரம் காட்டுகிறவர்களுக்கு வருவது. மூட்டில் குத்துகிற வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் எது வந்தாலும் நிறுத்துங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தூக்கும்போது மூச்சை அடைக்காமல் வெளியே விடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி: ரத்தத்துச் சர்க்கரையை அதிகம் எடுத்துக்கொள்கிற இடம் தசைதான். மாத்திரையையோ ஊசியையோ நீங்களாகக் குறைக்க மட்டும் வேண்டாம்.

கடைசியாக ஒரு தம்பியைப் பற்றி. வேலூர் சத்துவாச்சாரியில் பிறந்த சதீஷ் சிவலிங்கம். அப்பாவும் எடை தூக்கியவர், ராணுவத்தில் இருந்தவர். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்டு ஜெர்க் 179, ஆக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம். நாலு வருஷம் கழித்து கோல்டு கோஸ்டில் மறுபடி தங்கம். அந்த இரண்டாவது தங்கத்துக்கு எத்தனை கிலோ தெரியுமா? 317. முன்னதைவிடப் 11 கிலோ குறைவு. இடையில் தொடையில் அடிபட்டிருந்தது. தொடையோடு பேசி அன்றைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்கினார். நோட்டில் ஒரு வாரம் எண் இறங்கியதைப் பார்த்துவிட்டு ஜிம்மை விடுகிற தம்பிகளுக்கு இந்த இரண்டு எண்ணையும் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வேன்.

நேரமாகிவிட்டது. இப்போது எல்லோரும் எழுந்திருக்கத்தான் போகிறீர்கள். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொள்ளுங்கள். நாற்காலிக் கையையோ பக்கத்தில் இருப்பவர் தோளையோ பிடிக்காமல் எழுந்து, மெதுவாக உட்கார்ந்து, மறுபடி எழுந்திருங்கள். பத்துத் தடவை. முடிந்தவர்கள் நாளைக்குக் குடத்தில் இரண்டு லிட்டர் ஊற்றிக்கொண்டு செய்யுங்கள். முடியாதவர்கள் வீட்டு நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு தொடங்குங்கள். ஒரு வாரம் போனதும் தலையணையை எடுத்துவிட்டு மடித்த போர்வை. முன்வரிசை அண்ணாச்சி, கையைக் கட்டுங்கள். ஆகட்டும், ஒன்று.